முன்சோல் ஊரை ஒட்டவைத்த மன்றம்

குடியரசுத் தலைவர் தேர்தலில் மஞ்சள் கட்சி ஜெயித்துவிட்டது என்று உறுதியானபோது, சியோல் நகரத்துத் தொலைக்காட்சி அரங்குகளில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. ஊதாக் கட்சிதான் வரும், அதுவும் வாரிச் சுருட்டிக்கொண்டு வரும் என்று மாதக்கணக்கில் அடித்துச் சொன்ன டாக்டர் பியோன் சேஹ்வான், பெட்டிகளையெல்லாம் எண்ணி முடித்த பிறகும் "போக்கு மாறலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இனி எண்ணுவதற்கு ஒன்றும் மீதமில்லை என்று பக்கத்து நாற்காலிக்காரர் காதைக் கடித்த பிறகுதான் வாயை மூடினார். மறுநாள் தெளிந்துவிட்டார். "எங்கள் கணிப்பில் பிழை இல்லை. மக்கள் வாக்களித்ததில்தான் எங்கேயோ பிசகிவிட்டது" என்று அறிக்கை விட்டார்.

நாடு இரண்டாகக் கிழிந்து கிடக்கிறது என்பதையும் அடுத்த வாரம் அவரே கண்டுபிடித்தார். கண்டுபிடித்தவர் கையிலேயே அரசு ஊசியையும் நூலையும் கொடுத்தது. 'வாக்காளர் மனப்பிளவின் காரணம் அறிந்து ஒட்டவைக்கும் தேசிய மன்றம்' என்று ஒன்று பிறந்தது. டாக்டர் பியோன் அதன் தலைவரானார். இவ்வளவு பெரிதாகக் கோட்டைவிட்டவருக்குத்தான் விஷயத்தின் ஆழம் தெரியும் என்று புதிய அரசு சொன்னது.

மன்றம் முதல் வேலையாக வரைபடத்தை விரித்துப் பார்த்தது. சுங்சோங் மாகாணத்தில் முன்சோல் என்றொரு சிற்றூர் சரிபாதி ஊதாவுக்கும் சரிபாதி மஞ்சளுக்கும் போட்டிருந்தது. "நாட்டின் காயம் முழுவதும் இந்த ஊரில் இருக்கிறது" என்றார் டாக்டர் பியோன். அந்தச் செய்தி ஓடிய நேரத்தில் முன்சோல்காரர்கள் பூண்டு நட்டுக்கொண்டிருந்தார்கள்.

முன்சோல்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ஆமாம் என்றும் சொல்ல மாட்டார்கள். கடன் கேட்டாலும் "பாக்கலாமுங்க", பெண் கேட்டாலும் "பாக்கலாமுங்க", கூரை பற்றி எரிகிறது என்று ஓடிவந்து சொன்னாலும் எட்டிப் பார்த்துவிட்டு "கொஞ்சம் சூடாத்தான் இருக்குதுங்க" என்பார்கள். கேட்பவர் தாமாகவே புரிந்துகொள்ள வேண்டும். புரியாதவரை அவர்கள் வற்புறுத்துவதில்லை.

அந்த ஊரில் பொதுக் குளியல் கூடம் நடத்துகிற மேங் தல்சிக்கைத் தேர்தலுக்கு முன்னால் கருத்துக்கணிப்புக்காரப் பெண் ஒருத்தி தொலைபேசியில் பிடித்திருக்கிறாள்.

"ஊதாக் கட்சி வேட்பாளரைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

"நல்ல மனுசனாத்தான் தெரியறாருங்க."

"மஞ்சள் கட்சிக்காரர்?"

"அவரும் தொண்டை கிழியத்தான் பேசறாருங்க."

"அப்ப உங்க ஓட்டு யாருக்கு?"

"நாள் வரட்டுமுங்க. நீங்க சாப்பிட்டீங்களா?"

அவள் ஊதாவுக்குப் போட்டுக்கொண்டாள். முதலில் எந்தப் பெயரைச் சொன்னாளோ அதற்கே முன்சோல் முழுவதையும் போட்டுக்கொண்டாள். மாகாணமே இப்படித்தான் பேசும். நாட்டையே திடுக்கிட வைத்த முடிவுக்கு இதற்கு மேல் ஒரு மர்மமும் கிடையாது. ஆனால் இதை ஒத்துக்கொண்டால் மன்றம் எதற்கு, தலைவர் எதற்கு, கறுப்புக் கார் எதற்கு?

தல்சிக் அறுபதைத் தாண்டியவர். அவருக்கு உலகத்தில் நெருக்கமான ஆள் தோ போங்மான் ஒருவர்தான். உழவு எந்திரம் பழுது பார்க்கிறவர், பள்ளிக்கூட நாளிலிருந்தே கூட்டாளி. சந்தை நாள்தோறும் போங்மான் குளியல் கூடத்துக்கு வருவார். இருவரும் வெந்நீர்த் தொட்டியில் ஊறி, பிறகு சின்ன முக்காலிகளில் உட்கார்ந்து, சொரசொரப்பான பச்சைத் துணியைக் கையில் மாட்டிக்கொண்டு ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துவிடுவார்கள். மனைவியிடம் சொல்லாததையும் தல்சிக் அந்த முதுகைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். எதிரே முகம் இல்லாததால் சொல்ல வந்தது. தேர்தல் முடிந்த மறுநாளும் அப்படித்தான் தேய்த்துக்கொண்டார்கள். நீ யாருக்குப் போட்டாய் என்று இவரும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. தல்சிக் ஊதாவுக்குத்தான் போட்டிருந்தார். தோற்றதில் வருத்தம்தான். அதற்காக முதுகு தேய்க்காமல் இருப்பார்களா?

மன்றத்தார் வந்து இறங்கியதும் ஊர்ச் சாவடியைப் பார்த்து முகம் சுளித்தார்கள், குளிர் தாங்கவில்லையாம். குளியல் கூடத்தைப் பார்த்ததும் டாக்டர் பியோனின் கண்கள் விரிந்தன.

"மனிதன் பட்டம், பதவி, சட்டை எல்லாவற்றையும் கழற்றிவைக்கும் இடம். உண்மை வெளிவர இதைவிடப் பொருத்தமான இடம் ஏது? திரு. மேங், இதை நாங்கள் எடுத்துக்கொள்ளலாமா?"

தல்சிக் வேண்டவே வேண்டாம் என்று மனசுக்குள் அலறினார். வாய் தன் பாட்டுக்கு, "பாக்கலாமுங்க" என்றது.

"மிக்க மகிழ்ச்சி!" என்று டாக்டர் பியோன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். சாயங்காலத்துக்குள் வாசலில் ஒரு பெரிய பதாகை ஏறிவிட்டது.

"உங்க வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?" என்று தல்சிக்கின் மனைவி குமோக் சோற்றுக் கிண்ணத்தை ணங்கென்று வைத்தாள். "முடியாதுன்னு ஒரு வார்த்தை. அதைச் சொன்னா பல்லு கொட்டிருமா?"

"அவிய முகம் வாடிருமேன்னு பாத்தேன்."

"அவிய முகம் வாடாது. அது ரப்பர்ல பண்ணின முகம். நம்ம பொழப்புதான் வாடும்."

மன்றத்தின் பணி தேசியக் கொடிக்கு மரியாதை செய்வதோடு தொடங்கியது. ஈரத் தரையில் ஊர் ஆண்கள் இடுப்பில் துண்டோடு வரிசையாக நின்று, நெஞ்சில் கைவைத்து, நீராவியில் பாதி மறைந்திருந்த கொடியைப் பார்த்தார்கள். ஒருவருக்குத் துண்டு அவிழ்ந்தது. நெஞ்சிலிருந்து கையை எடுத்தால் தேசத்துக்கு அவமரியாதை, எடுக்காவிட்டால் ஊருக்கு. அவர் தேசத்தின் பக்கம் நின்றார்.

பிறகு துணைத் தலைவர் குவாக் ஒரு சிக்கலை எடுத்தார். பிளந்தவர்களை ஒட்ட வேண்டுமானால் யார் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். வாக்கோ ரகசியம், கேட்பது சட்டவிரோதம். ஆகவே அறிவியல் முறையில் கண்டுபிடிப்பதாக அவர் அறிவித்தார்.

"மாட்டெலும்பு சூப்பும் சோறும் வெச்சா, சோத்தை சூப்புக்குள்ள கொட்டிக் கலக்கிச் சாப்பிடுவீங்களா, தனித்தனியாச் சாப்பிடுவீங்களா?"

"பசியைப் பொறுத்ததுங்க" என்றார் தல்சிக்.

"சூழலுக்கேத்த மாதிரி மாறுற ஆள். மஞ்சள்!" என்று குவாக் ஒரு பிளாஸ்டிக் மேல்சட்டையை அவர் தலை வழியே மாட்டினார். முதுகில் 'மனம் மாறத் தயார்' என்று அச்சிட்டிருந்தது. தனித்தனியாகச் சாப்பிடுவேன் என்று சொன்ன போங்மானுக்கு ஊதாச் சட்டை. சூப்பே பிடிக்காது என்ற தபால்காரர் சந்தேகத்துக்குரியவர்.

அதோடு விட்டார்களா? வெந்நீர்த் தொட்டி ஊதாவுக்கு, வெதுவெதுப்பான தொட்டி மஞ்சளுக்கு, இன்னும் முடிவெடுக்காதவர்களுக்குப் பனிநீர்த் தொட்டி. தேர்தல்தான் முடிந்துவிட்டதே, இனி எதை முடிவெடுப்பது என்று தபால்காரர் பனிநீரிலிருந்து பல் கிட்டிக்கக் கேட்டார். "அந்தத் தயக்கத்தைத்தான் நாங்கள் ஆராய்கிறோம்" என்று அவர் தலையை இன்னும் கொஞ்சம் உள்ளே அமுக்கினார்கள்.

ஊதாவுக்கு வாக்களித்துத் தோற்ற தல்சிக்கிடம் ஓர் ஆராய்ச்சிக்காரர் வந்து, ஜெயித்த மிதப்பை எப்படி அடக்கிக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். அந்தப் பக்கம் போங்மானுக்குத் தோல்வி ஆறுதல் நடந்தது. மன்றத்து அம்மாள் ஒருத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு "அழுதுவிடுங்கள்" என்று மன்றாடினாள். அவர் யாருக்குப் போட்டாரோ, யாருக்குத் தெரியும்? முன்சோல்காரர் அல்லவா, அந்த அம்மாளின் மனம் நோகக் கூடாதே என்று கண்ணில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டார்.

தொட்டிகளுக்கு நடுவே கட்டிய கயிற்றின் மேலாக அவர் தல்சிக்கைப் பார்த்தார்.

"டேய் மாப்ள, உன் தொட்டி எப்படிடா இருக்குது?"

"பேதி மருந்துக்குத் தண்ணி கலக்குவாங்களே, அந்தச் சூடு."

"முதுகு?"

"கயித்தைத் தாண்டப்படாதாமா."

"பொறு. அவிய ஊருக்குப் போகட்டும். ரெண்டு சந்தைக்குச் சேத்துத் தேச்சுக்கலாம்."

அந்த மட்டில் இருவருக்கும் அது வேடிக்கையாகவே இருந்தது.

வேடிக்கை தீர்ந்தது 'வாய்விட்டுப் பேசும் அமர்வு' அன்று. ஊரில் யாரைக் கேட்டாலும் தல்சிக்கும் போங்மானும்தான் ரொம்ப நெருக்கம் என்றார்கள். அதனால் அவர்களே ரொம்பப் பிளந்திருக்க வேண்டும் என்று மன்றம் முடிவுசெய்தது. இருவரையும் எதிரெதிரே முக்காலியில் உட்காரவைத்து, ஆளுக்கொரு ஒலிவாங்கியைக் கையில் கொடுத்து, படக்கருவியையும் நிறுத்தினார்கள். ஊரே சுற்றி நின்றது.

டாக்டர் பியோன் தொண்டையைச் செருமினார். "காயம் எங்கே என்று தெரியாமல் மருந்தை எங்கே போடுவது? எதிரில் இருப்பவர் மீது உங்களுக்குள்ள மனத்தாங்கலைச் சொல்லுங்கள். இந்தத் தேர்தல் உங்களை எப்படிப் பிரித்தது?"

"பிரிக்கலீங்களே" என்றார் போங்மான்.

"பகை இல்லை என்று சொல்வது பகை முற்றியதன் அறிகுறி. எழுதிக்கொள், குவாக்."

"இவன் நல்லவனுங்க" என்றார் தல்சிக்.

"பயத்தில் பேசுகிறார். அதையும் எழுது."

சாப்பாட்டு நேரம் தாண்டியது. ஒரு மனத்தாங்கலாவது வராமல் அமர்வு முடியாது, முடியாமல் சோறும் இல்லை என்று குவாக் அறிவித்தார். அடுத்த அறையில் மன்றத்தின் செலவில் பன்றி இறைச்சி வெந்துகொண்டிருந்தது, வாசனை வந்தது. கூட்டம் நெளிந்தது. "எதையாச்சும் சொல்லித் தொலைங்கப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பனிநீர்த் தொட்டித் தபால்காரரின் உதடு நீலம் பாரித்திருந்தது.

ஊர் பட்டினி கிடக்கிறதே என்று தல்சிக்குக்குக் கூச்சமாகிவிட்டது. சின்னதாக ஒன்றைச் சொல்லிவிட்டால் எல்லோரும் சாப்பிடப் போவார்கள். தேடிப் பார்த்து ஒன்றை எடுத்தார்.

"ஒரு குளிர்காலத்துல நம்ம பாய்லர் வெடிச்சுக் கூடத்தை மூடியிருந்தனே. அப்ப நீ பக்கத்து டவுனு குளியலுக்குப் போனயாமா. எங்கிட்டச் சொல்லல. வேற ஒண்ணுமில்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ஒலிவாங்கி அதைக் கூடம் முழுக்க எதிரொலித்தபோது அது சின்னதாகக் கேட்கவில்லை.

போங்மானின் முகம் மாறியது. "இதை இத்தனை வருசமா மனசுல வெச்சிருந்தயா?"

"அட, வெச்சிருக்கலடா. இவிய கேட்டாங்கன்னு..."

"வெச்சிருந்ததுனாலதான எடுக்க முடிஞ்சுது?" போங்மான் தன் கையிலிருந்த ஒலிவாங்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அப்ப நானும் சொல்றேன். எங்கம்மா செத்தப்ப, சாவு வீட்டுல ராத்திரி பூரா சீட்டாடிட்டு உக்காந்திருந்தயே. ஆடு, வேண்டாங்கல, எல்லாரும் ஆடறதுதான். ஆனா நீ சிரிச்சயே ஒரு சிரிப்பு. எங்கம்மா உள்ள கெடக்குறா, நீ வெளிய அப்படிச் சிரிக்கற. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்குதுடா."

தல்சிக் வாயைத் திறந்தார். கையில் ஒலிவாங்கி இருந்தது, எதிரே ஊர் இருந்தது, படக்கருவி இருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

டாக்டர் பியோன் குதிக்காத குறை. "கிடைத்துவிட்டது! பிளவு கிடைத்துவிட்டது!" என்று கைதட்டினார். மன்றத்தார் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

அதற்குப் பிறகு ஊரே கொட்டத் தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டுச் சீமைப்பனிச்சைப் பழமரத்தின் கிளை தன் சுவருக்கு மேல் வந்ததை ஒருவர் சொன்னார், இரவல் போன கலப்பை வளைந்து வந்ததை இன்னொருவர். சுவருக்கு அந்தப்புறம் பெண்கள் பகுதியில் மூன்று கல்யாணங்களும் ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாளும் தோண்டி எடுக்கப்பட்டன. இவையெல்லாம் தேர்தலுக்குப் பல வருடம் முந்தியவை ஆயிற்றே என்று மன்றத்திலேயே ஒரு சின்னப் பெண் கேட்டுவிட்டாள். டாக்டர் பியோன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "தேர்தலின் தாக்கம் பின்னோக்கியும் பாய்ந்திருக்கிறது. இதை உலகத்தில் முதன்முதலாகக் கண்டறிந்தவர்கள் நாம்." அன்றே அந்தப் பெண்ணைச் சியோலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நிறைவு விழாவில் தல்சிக்கும் போங்மானும் கைகுலுக்க, எல்லோரும் முஷ்டியை உயர்த்தி "ஒற்றுமை! வெல்க!" என்று கத்த, படம் எடுத்தார்கள். போங்மானின் கை குறடு மாதிரி குளிர்ந்திருந்தது. கறுப்புக் கார்கள் போய்விட்டன.

அடுத்த சந்தை நாளில் போங்மான் வரவில்லை. அதற்கடுத்த சந்தைக்கும் வரவில்லை. கயிற்றை அவிழ்த்த பிறகும் ஊர்க்காரர்கள் அவரவர் தொட்டியிலேயே உட்கார்ந்தார்கள். ஊதாச் சட்டை மாட்டியவர் மஞ்சள் சட்டைக்காரர் கடையில் முடி வெட்டிக்கொள்வதை நிறுத்தினார். குளிர்காலக் கிம்ச்சி ஊறுகாய்க்கு ஊர்ப் பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து முட்டைக்கோசு ஊறப்போடுவார்கள். அந்த வருடம் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார்கள், இரண்டு இடத்திலும் உப்புத் தூக்கல்.

தல்சிக் இரண்டு தடவை போங்மானின் பட்டறை வரை போய், வாசலில் கிடந்த எந்திரத்தை விலை கேட்பவர் போலப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"உள்ள போய்ப் பேசுங்க" என்றாள் குமோக். "இல்லாட்டி அந்த மன்றத்தானுகளையே கூப்பிடுங்க, வந்து இன்னும் நாலு கொள்ளியைச் செருகட்டும்."

"என்னன்னு பேசறது?"

"வாய்விட்டுப் பேசறதுக்குத்தான் உங்களுக்குப் பயிற்சி குடுத்தாங்களே!"

அவளுக்குக் கோபம் வந்தால் யாரையும் விடமாட்டாள். ஆனால் பாத்திரத்தைக் கழுவும்போது மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. போங்மானின் மனைவியும் அவளும் இப்போது பேசிக்கொள்வதில்லை.

பூண்டு அறுவடைக்கு முன்னால் மன்றம் திரும்பி வந்தது. முன்சோல் ஒட்டிவிட்டது என்று அறிக்கை கொடுத்து, பாராட்டும் வாங்கியிருந்தார்கள். இப்போது நாடு முழுக்கத் திரையிட ஒரு படம் வேண்டுமாம். பிளந்த இரண்டு நண்பர்கள் மன்றத்தின் முயற்சியால் மறுபடியும் முதுகு தேய்த்துக்கொள்ளும் காட்சி. குவாக் நேரே பட்டறைக்குப் போய்ப் போங்மானைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வரமாட்டேன் என்று அவர் எங்கே சொல்லியிருப்பார்?

இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சட்டையைக் கழற்றினார்கள். விளக்குகளைப் போட்டார்கள். போங்மான் முன்னால் உட்கார்ந்து முதுகைக் காட்டினார். தல்சிக் பச்சைத் துணியைக் கையில் மாட்டிக்கொண்டு, தோள்பட்டையிலிருந்து கீழே இழுத்தார்.

கறுப்புத் திரியாக அழுக்கு உருண்டு வந்தது. இன்னொரு இழுப்புக்கு இன்னும் தடிமனாக வந்தது. கைக்கு எட்டாத அந்த நடுமுதுகில் ஒரு பூண்டுப் பருவம் முழுவதும் எந்தத் துணியும் பட்டிருக்கவில்லை. இந்த மனுசன் பக்கத்து டவுனுக்குப் போகவில்லை. வேறு யாரிடமும் முதுகைக் காட்டவில்லை.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்றார் படக்காரர். "அழுக்கு அப்படியே தெரியுது சார்."

டாக்டர் பியோன் மூக்கைப் பொத்திக்கொண்டார். "நல்லிணக்கம் பார்க்கச் சுத்தமாக இருக்க வேண்டும். இவரைத் தனியாகக் கழுவிவிட்டுக் கூட்டிவாருங்கள். சுத்தமான முதுகை லேசாகத் தேய்ப்பது போல் நடித்தால் போதும். என்ன, திரு. மேங்?"

"முடியாதுங்க" என்றார் தல்சிக்.

டாக்டர் பியோனுக்குப் புரியவில்லை. "அதாவது, பார்க்கலாம் என்கிறீர்கள்?"

"முடியாதுங்கறேன். இது என் குளியல் கூடம். விளக்கை அணைச்சுட்டு எல்லாரும் வெளிய போங்க."

குவாக் தலைவரைப் பார்த்தார். தலைவர் படக்காரரைப் பார்த்தார். தல்சிக் தொட்டியிலிருந்து ஒரு வாளி வெந்நீரை மொண்டு கையில் வைத்துக்கொண்டார். அது புரிந்தது. மன்றம் வழுக்கி வழுக்கி வாசலுக்கு நகர்ந்தது. வாசற்படியிலிருந்து டாக்டர் பியோனின் குரல் மட்டும் உள்ளே வந்தது. "எழுதிக்கொள், குவாக். சிகிச்சைக்குப் பிறகும் எதிர்ப்பு தென்படுகிறது. மன்றத்தின் காலத்தை இன்னும் ஐந்து வருடம் நீட்டிக்காமல் முடியாது."

நீட்டித்தும் விட்டார்கள்.

கூடத்தில் ஆவி மறுபடி கூடியது. தல்சிக் வாளியைக் கீழே வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தேய்க்கத் தொடங்கினார். போங்மான் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இப்போது எதிரே முகம் இல்லை, ஒலிவாங்கி இல்லை.

"அன்னிக்கு ராத்திரி" என்றார் தல்சிக், "நீ உள் ரூமுல கதவைச் சாத்திட்டு அழுதுட்டிருந்த. ஓன்னு கத்தற மாதிரி அழுத. வெளிய உம்பட மாமனார் வீட்டாளுக, பட்டறை ஆளுக எல்லாரும் இருந்தாங்க. அவியளுக்கு அது கேக்கப்படாதுன்னுதான்டா சத்தமாச் சிரிச்சேன்."

போங்மானின் தோள் குலுங்கியது. தல்சிக் அதைப் பார்க்காதவர் போல அங்கேயே தேய்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு போங்மான் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு, பச்சைத் துணிக்காகக் கையைப் பின்னால் நீட்டினார்.

"திரும்புடா. உன் முதுகு எந்தக் கதியில இருக்குதோ."